எண்களால் நாட்டை அளந்த பேராசிரியர்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. மாணவர், சின்ன காஞ்சிபுரம்)

முன்னுரை

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பர் நம் பெரியோர். ஆயின், பானையைக் கிளறாமல் மேலாக ஒரு பருக்கையை எடுத்துப் பார்த்தால் போதுமா? மேலே அரிசியாகவே இருக்க, அடியில் குழைந்து கிடக்கலாம் அல்லவா? எந்தப் பருக்கையை எடுப்பது, எத்தனை பருக்கை எடுப்பது, எடுத்துப் பார்த்தவர் சொல்வதை எவ்வளவு நம்புவது ஆகிய மூன்று வினாக்களுக்கும் விடை காண்பதே மாதிரிக் கணக்கெடுப்பு என்னும் அறிவியல் ஆகும்.

2019-ஆம் ஆண்டு நம் சின்ன காஞ்சிபுரத்தில், அருள்மிகு வரதராஜப் பெருமாள் திருக்கோயிலில், நாற்பது ஆண்டுகளுக்கு ஒரு முறை திருக்குளத்திலிருந்து எழுந்தருளும் அத்தி வரதரைக் காண 48 நாட்கள் மக்கள் வெள்ளம் திரண்டது. நாள்தோறும் எத்தனை பேர் வந்தனர் என்பதே தெருவெங்கும் பேச்சு. ஒருவர் ஒரு இலட்சம் என்பார். மற்றொருவர் மூன்று இலட்சம் என்பார். குடிநீர், உணவு, மருத்துவம், பேருந்து ஆகிய அனைத்தும் அந்த எண்ணை நம்பியே ஏற்பாடு செய்யப்பட வேண்டியிருந்தன. எண் தவறினால் மனிதர் துன்புறுவர் என்பதை அன்று பள்ளி மாணவனாக இருந்த நான் கண்ணால் கண்டேன்.

ஒரு கோயில் திருவிழாவுக்கே இந்நிலை என்றால், பல இலட்சம் கிராமங்களைக் கொண்ட பாரத நாட்டுக்கு? விடுதலை பெற்ற நாட்டில் மக்கள் என்ன உண்கிறார்கள், என்ன உடுத்துகிறார்கள், எவ்வளவு ஈட்டுகிறார்கள் என்பதை அறிய ஒரு நிலையான ஏற்பாட்டைத் திட்டமிட்டு அமைத்த பெருமகனார்தாம் பேராசிரியர் பிரசாந்த சந்திர மகலனோபிஸ். அவர்தம் வாழ்க்கை வரலாற்றைச் சுருக்கமாக எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பிறப்பும் கல்வியும்

மகலனோபிஸ் 1893-ஆம் ஆண்டு ஜூன் 29-ஆம் நாள் கல்கத்தாவில் பிறந்தார். அவருடைய பாட்டனார் குருசரண் கிழக்கு வங்கத்து விக்ரம்பூரிலிருந்து கல்கத்தாவுக்குப் பிழைப்புத் தேடி வந்தவர். பிரம்ம சமாஜத்தில் சேர்ந்து, ஊரார் எதிர்ப்பையும் பொருட்படுத்தாது கைம்பெண் ஒருவரை மணந்தவர். துணிந்து தன் வழியே நடக்கும் குணம் பேரனுக்கும் வந்தது எனலாம்.

கல்கத்தா மாநிலக் கல்லூரியில் ஜகதீச சந்திர போஸ், பிரபுல்ல சந்திர ரே ஆகியோரிடம் பயின்று, 1912-இல் இயற்பியலில் பட்டம் பெற்றார். மறு ஆண்டு இங்கிலாந்து சென்றார். அவர் சேர நினைத்தது இலண்டன் பல்கலைக்கழகத்தில். ஒரு நாள் கேம்பிரிட்ஜ் நகரைச் சுற்றிப் பார்க்கப் போனவர், அங்குள்ள கிங்ஸ் கல்லூரித் தேவாலயத்தின் அழகில் மயங்கி, திரும்ப வேண்டிய கடைசி இரயிலையும் தவறவிட்டார். முடிவில் அக்கல்லூரியிலேயே சேர்ந்தார். ஓர் இரயில் தவறியதால் ஒரு வாழ்க்கை திசை திரும்பியது!

இராமானுஜனின் நட்பு

கேம்பிரிட்ஜில் மகலனோபிசுக்குக் கிடைத்த பெரும்பேறு கணித மேதை சீனிவாச இராமானுஜனின் நட்பு. இராமானுஜன் சிறு வயதில் சில காலம் நம் காஞ்சிபுரத்தில் தாய்வழிப் பாட்டனார் வீட்டில் வளர்ந்தவர் என்பது நமக்குப் பெருமை தரும் செய்தி. குளிர் நாட்டில் இரவில் மேலங்கியோடு நடுங்கிப் படுத்திருந்த இராமானுஜனுக்கு, படுக்கையில் இறுக மடித்துச் செருகப்பட்டிருந்த கம்பளிகளை விலக்கி, அவற்றுக்குள் புகுந்து உறங்க வேண்டும் என்று காட்டிக் கொடுத்தவர் மகலனோபிஸ்தாம்.

மற்றொரு நாள், இராமானுஜன் அடுப்பில் காய்கறி வதக்கிக் கொண்டிருக்க, மகலனோபிஸ் ஒரு பத்திரிகையில் வந்த புதிரைப் படித்துக் காட்டினார். ஒரு தெருவில் வீடுகளுக்கு 1, 2, 3 என வரிசையாக எண்கள் உள்ளன. ஒரு வீட்டுக்கு இடப்புறம் உள்ள எண்களின் கூட்டுத்தொகையும் வலப்புறம் உள்ள எண்களின் கூட்டுத்தொகையும் சமம். தெருவில் உள்ள வீடுகள் 50-க்கு மேல், 500-க்குள். அந்த வீட்டு எண் யாது? மகலனோபிஸ் முயன்று ஒரு விடையைக் கண்டிருந்தார்: 288 வீடுகள் உள்ள தெருவில் 204-ஆம் வீடு. இருபுறமும் கூட்டினால் 20,706 வரும். நண்பர்கள் சரிபார்த்துக் கொள்ளலாம். இராமானுஜனோ கரண்டியைக் கீழே வைக்காமலே, வீடுகளின் எண்ணிக்கைக்கு வரம்பே இல்லாவிடினும் பொருந்தும் எல்லா விடைகளையும் ஒரே தொடர் பின்னத்தில் அடக்கிச் சொல்லிவிட்டார்! ஒரு விடை கண்டவர் அருகே எல்லா விடைகளையும் கண்டவர். ஆயினும் மகலனோபிஸ் சோர்ந்துவிடவில்லை. தமக்குரிய துறை வேறு எங்கோ காத்திருந்தது.

கப்பலில் படித்த நூல்கள்

1915-இல் இயற்பியலில் முதல் வகுப்பில் தேறி, ஆராய்ச்சி செய்யவும் உதவித்தொகை பெற்ற மகலனோபிஸ், இடையே விடுமுறைக்கு ஊர் திரும்பினார். உலகப் போர் காரணமாகக் கப்பல் புறப்படத் தாமதம். நூலகத்தில் பொழுதைக் கழித்தவருக்கு ஆசிரியர் ஒருவர் பயோமெட்ரிக்கா என்னும் புள்ளியியல் இதழின் தொகுதிகளைக் காட்டினார். அவற்றை மொத்தமாக விலைக்கு வாங்கிக் கப்பலிலேயே படிக்கலானார். கல்கத்தாவில் இறங்கும்போது அவர் உள்ளம் புதிய துறையில் ஊன்றிவிட்டது.

மாநிலக் கல்லூரியில் இயற்பியல் ஆசிரியர் பணி கிடைத்தது. கேம்பிரிட்ஜ் ஆராய்ச்சிக்கு அவர் திரும்பவே இல்லை. ஊதியம் பெற்றது இயற்பியலுக்கு; உழைத்தது புள்ளியியலுக்கு. தேர்வு மதிப்பெண்களை ஆராய்ந்தார். மனிதர்களின் உடல் அளவுகளை ஆராய்ந்தார். அவ்வாராய்ச்சியின் கனியே 1936-இல் அவர் முழு வடிவில் வெளியிட்ட மகலனோபிஸ் தூரம். உயரமானவருக்குக் கையும் நீளமாக இருப்பது இயல்பு. எனவே உயரத்தையும் கை நீளத்தையும் தனித்தனி வேற்றுமைகளாகக் கூட்டினால் ஒன்றையே இருமுறை எண்ணியதாகும். அளவுகளுக்கு இடையே உள்ள இத்தகைய உறவைக் கழித்துவிட்டு, இரு கூட்டங்களுக்கு இடையே உள்ள உண்மையான தொலைவைக் காண்பதே அம்முறை. இன்று கணிப்பொறி அறிவியலிலும் அது பயன்படுகிறது.

வெள்ளமும் புள்ளிவிவரமும்

1922-இல் வட வங்கத்தில் பெருவெள்ளம் ஏற்பட்டது. வெள்ள நீரைத் தேக்கி வைக்கும் நீர்நிலைகளை அமைக்க வேண்டும் என்று பொறியாளர் குழு கருதியது. பெரும் செலவு பிடிக்கும் வேலை அது. மகலனோபிஸ் ஏறத்தாழ ஐம்பது ஆண்டு மழை அளவுகளை எடுத்து வைத்துக் கணக்கிட்டார். அத்தேக்கங்களால் பயனில்லை, தேங்கிய நீர் விரைவில் வடிய வழி செய்வதே வேண்டும் என்று காட்டினார். 1926-இல் ஒரிசாவில் பிராமணி ஆறு பெருகியபோது, ஆற்றுப்படுகை மேடிட்டுவிட்டது, கரையை உயர்த்த வேண்டும் என்றனர். பழைய பதிவேடுகளை ஆராய்ந்த மகலனோபிஸ் படுகை குறிப்பிடத்தக்க அளவு உயரவில்லை என்றும், மேல்பகுதியில் அணை கட்டுவதே வழி என்றும் கூறினார். பிற்காலத்தில் மகாநதியில் எழுந்து 1957-இல் திறக்கப்பட்ட ஹிராகுட் அணைக்கு அவருடைய கணக்குகளும் அடிகோலின.

இதிலிருந்து நாம் அறிவது யாது? தவறான எண்ணைக் கொண்டு கட்டிய கரை, கரையே இல்லாததை விடக் கேடானது என்பதே.

கழகத்தின் தோற்றம்

மாநிலக் கல்லூரியில் தம் அறையின் ஒரு பகுதியையே புள்ளியியல் ஆய்வகமாக்கினார் மகலனோபிஸ். 1931 டிசம்பர் 17-ஆம் நாள் இந்தியப் புள்ளியியல் கழகம் தோன்றியது. முதல் ஆண்டு முழுவதும் அதற்கு ஆன செலவு 250 ரூபாய்க்கும் குறைவு! 1933-இல் சாங்கியா என்னும் ஆராய்ச்சி இதழ் தொடங்கப்பட்டது. ஆர். சி. போஸ், எஸ். என். ராய் போன்ற இளைஞர்கள் வந்து சேர்ந்தனர். 1941-இல் வேலை தேடிக் கல்கத்தா வந்து, தற்செயலாக இக்கழகத்தைப் பற்றிக் கேள்விப்பட்டுப் பயிற்சியில் சேர்ந்த ஓர் இளைஞரே பின்னர் உலகப் புகழ் பெற்று, 2023-இல் தம் 102-ஆம் வயதில் மறைந்த சி. ஆர். ராவ்.

சணல் வயலில் பிறந்த முறை

வங்கத்தில் சணல் எத்தனை ஏக்கரில் விளைகிறது என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. நம் பக்கத்தில் கிராமக் கர்ணம் அடங்கல் எழுதி வந்தார். நிலையான நிலவரித் திட்டம் இருந்த வங்கத்தில் அத்தகைய கிராமக் கணக்கர் இல்லை. ஊர்க் காவலர் சொன்ன உத்தேசமே கணக்கு. 1937 முதல் மகலனோபிஸ் அங்கு மாதிரி முறையைப் புகுத்தினார். முதலில் சிறிய அளவில் முன்னோட்டம் நடத்துவது, செலவையும் பிழையையும் கணக்கிடுவது, பின் ஆண்டுக்கு ஆண்டு விரிவாக்குவது என்று படிப்படியாகச் சென்றார். மாகாணம் முழுவதையும் வயல் வயலாக எண்ணுவதற்கு ஆகும் செலவில் ஒரு சிறு பங்கே செலவிட்டு, நம்பத்தக்க விடையைப் பெறலாம் என நிறுவினார்.

எந்த வயலை எடுப்பது? அதிகாரி விரும்பியதை அன்று; குலுக்கலில் வந்ததை. இது நமக்குப் புதிதா? நம் மாவட்டத்து உத்திரமேரூரில், பத்தாம் நூற்றாண்டில் பராந்தக சோழன் காலத்தில், ஓலைகளில் பெயர் எழுதிக் குடத்தில் இட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தனர் அல்லவா? எடுப்பவர் கையில் விருப்பு வெறுப்பு இருக்கலாகாது என்ற கருத்தே இரண்டிலும் உள்ளது.

எடுத்தவர் சொல்வதை எப்படி நம்புவது? இதற்கு மகலனோபிஸ் கண்ட வழியே அவருடைய சிறந்த கண்டுபிடிப்புகளுள் ஒன்று. ஒரே பகுதியில் இரண்டு தனித்தனி மாதிரிகளை எடுத்து, ஒருவரை ஒருவர் கலக்காத இரு குழுக்களிடம் கொடுப்பார். இருவர் விடையும் ஒத்து வந்தால் நம்பிக்கை. பெரிதும் மாறுபட்டால் எங்கோ பிழை. ஜரிகையை விற்பவரும் வாங்குபவரும் தனித்தனியே எடை போட்டுப் பார்ப்பதைப் போன்றது இது.

அறிஞரிடையே கருத்து வேறுபாடும் எழுந்தது. விளைச்சலை அளக்க மகலனோபிஸ் சிறு சிறு துண்டு நிலங்களை அறுத்தார். சிறு துண்டின் ஓரத்தில் உள்ள கதிர்களையும் உள்ளே சேர்த்துவிடுவதால் விளைச்சல் கூடுதலாகத் தோன்றும் என்று பி. வி. சுகாத்மே எடுத்துக் காட்டினார். பெரிய துண்டுகளை, வருவாய்த் துறை ஊழியர்களைக் கொண்டே அறுக்கலாம் என்பது அவர் கொள்கை. பயிர் விளைச்சல் கணக்கில் சுகாத்மேயின் வழியே நாட்டில் பரவியது. மேதையும் திருத்தப்படக் கூடியவரே என்பதை நாம் மறத்தலாகாது.

நாட்டுக்கு ஓர் ஏற்பாடு

1943-இல் வங்கத்தில் கொடும் பஞ்சம் வந்தது. இலட்சக்கணக்கானோர் மாண்டனர். பஞ்சத்தின் பின்விளைவுகளை மகலனோபிஸ் குழுவினர் மாதிரி முறையில் ஆராய்ந்தனர். எத்தனை குடும்பங்கள் நிலத்தை விற்றன, எத்தனை பேர் தொழிலை இழந்தனர் என்பவை எண்களாக வெளிவந்தன.

விடுதலைக்குப் பின் 1949-இல் அவர் மத்திய அமைச்சரவையின் மதிப்புறு புள்ளியியல் ஆலோசகர் ஆனார். அதே ஆண்டில் அவர் தலைமையில் தேசிய வருமானக் குழு அமைந்தது; டி. ஆர். காட்கிலும் வி. கே. ஆர். வி. ராவும் உறுப்பினர்கள். வருமானத்தைக் கணக்கிட அமர்ந்தபோதுதான் எத்தனை விவரங்கள் இல்லை என்பது புலப்பட்டது. அந்த வெற்றிடத்தை நிரப்பவே 1950-இல் தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு பிறந்தது. ஐந்தரை இலட்சத்துக்கும் மேற்பட்ட கிராமங்களிலிருந்து 1,833 கிராமங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டு முதல் சுற்று நடந்தது. 1951-இல் துறைகளின் புள்ளிவிவரங்களை ஒருங்கிணைக்க மத்தியப் புள்ளியியல் நிறுவனம் அமைக்கப்பட்டது.

இங்கு அவருடைய தொலைநோக்கு கருதத்தக்கது. ஒருமுறை எண்ணிவிட்டு ஓய்வது அவர் திட்டம் அன்று. சுற்றுச் சுற்றாக ஆண்டுதோறும் எண்ண வேண்டும். எண்ணுவோருக்குப் பயிற்சி வேண்டும். முறையை ஆராயக் கழகம் வேண்டும். கணக்கிடப் பொறி வேண்டும். இந்தியாவுக்கு வந்த முதல் மின்னணுக் கணிப்பொறி 1950-களின் நடுவில் அவருடைய கழகத்தில்தான் நிறுவப்பட்டது. 1959-இல் பாராளுமன்றச் சட்டத்தால் அக்கழகம் தேசிய முக்கியத்துவம் பெற்ற நிறுவனமாயிற்று.

திட்டமும் தறியும்

இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்துக்கு (1956-61) அடிப்படை வகுத்தவரும் அவரே. எஃகு, இயந்திரம் போன்ற கனரகத் தொழில்களில் முதலீடு செய்ய வேண்டும் என்பதே அதன் உயிர்நாடி என்பதை நாம் படித்திருக்கிறோம். ஆனால் அதன் மறுபாதியை நம் ஊரார் அறிந்திருக்க வேண்டும். குறைந்த முதலில் மிகுந்த வேலை தருபவை கைத்தொழில்கள். ஆதலால் துணி போன்ற அன்றாடப் பொருள்களை முடிந்தவரை கைத்தறியும் குடிசைத் தொழிலும் தரட்டும் என்றும் அவர் கருதினார். பிலாய் உலைக்கும் நம் வீட்டுத் தறிக்கும் ஒரே கணக்கில் இடம் இருந்தது.

அத்திட்டத்தை எல்லோரும் ஏற்கவில்லை. பற்றாக்குறை நிதியால் விலைவாசி ஏறும் என்று பி. ஆர். ஷெனாய் எச்சரித்தார். உணவும் உடையுமே முதலில் பெருக வேண்டும் என்று வகீலும் பிரம்மானந்தாவும் வாதிட்டனர். திட்டத்தின் இடையிலேயே அந்நியச் செலாவணி நெருக்கடி ஏற்பட்டது. திட்டத்தின் வெற்றி தோல்வியைப் பற்றி இன்றும் வாதம் உண்டு. ஆனால் அந்த வாதத்தைச் செய்பவர் இரு தரப்பாரும் எடுத்துக்காட்டும் எண்கள், பெரும்பாலும் மகலனோபிஸ் அமைத்த ஏற்பாட்டிலிருந்து வந்தவையே! இதை விட அவருக்கு வேறு புகழ் வேண்டுமோ?

இறுதிக் காலமும் பின்னரும்

1968-இல் பத்ம விபூஷண் விருது பெற்றார். தாம் வளர்த்த தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு 1970-ஐ ஒட்டிக் கழகத்திடமிருந்து பிரிக்கப்பட்டு, முழுவதும் அரசின் கீழ் வந்தது. 1972 ஜூன் 28-ஆம் நாள், தம் 79-ஆம் பிறந்த நாளுக்கு ஒரு நாள் முன்பு, அவர் இயற்கை எய்தினார். 2007 முதல் ஜூன் 29 தேசியப் புள்ளியியல் நாளாகக் கொண்டாடப்படுகிறது.

அவர் விட்டுச் சென்ற வினா மட்டும் மறையவில்லை. ஆள்வோரின் செயலை அளக்கும் அளவுகோல் யார் கையில் இருப்பது? 2000-இல் நம் தமிழகத்தைச் சேர்ந்த பொருளியல் அறிஞர் சி. ரங்கராஜன் தலைமையில் அமைந்த ஆணையம், நாட்டின் புள்ளியியல் ஏற்பாடு முழுவதையும் ஆராய்ந்து, நிலையான தேசியப் புள்ளியியல் ஆணையம் ஒன்றைச் சட்டப்படி அமைக்கப் பரிந்துரைத்தது. 2006-இல் ஆணையம் அமைந்தது; ஆயின் அரசுத் தீர்மானத்தால், சட்டத்தால் அன்று. 2017-18-ஆம் ஆண்டு நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பின் முடிவுகள் தரம் போதாது என்று வெளியிடப்படவில்லை. 2011-12-க்குப் பின் அடுத்த கணக்கு 2022-23-க்கே கிடைத்தது. 2021-இல் எடுக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கும் அவ்வாண்டில் எடுக்கப்படவில்லை. தறியில் சில இழை அறுந்தால் உடனே முடிந்துவிடலாம். கண்டுகொள்ளாமல் ஒரு முழம் நெய்துவிட்டால் சேலை முழுவதும் பழுது. ஆண்டுத் தொடரில் விழும் இடைவெளியும் அத்தகையதே.

எங்கள் வீட்டுக் கணக்கு

கட்டுரையை முடிக்குமுன் ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். நான் பள்ளியில் படித்தபோது கணக்கெடுக்க ஒருவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். நெசவு செய்பவர் எத்தனை பேர் என்று கேட்டார். அப்பா ஒருவர் என்றார். அப்போது உள்ளே ஆயா தார் சுற்றிக் கொண்டிருந்தார். கோர்வைச் சேலைக்குக் கரை கோக்க அப்பாவுடன் தறியில் அமர்ந்து எழுந்து வந்த அம்மாதான் வந்தவருக்குத் தண்ணீர் கொடுத்தார். அம்மாவுக்கு என்ன வேலை என்று அவர் கேட்க, வீட்டு வேலை என்றார் அப்பா. வந்தவர் அதையே எழுதிக்கொண்டு போனார். அதிகம் சொன்னால் ரேஷன் அட்டைக்கு ஏதேனும் ஆபத்து வருமோ என்ற பயம் அப்பாவுக்கு.

அன்று அந்தத் தாளில் என் தாயாரின் உழைப்பு இல்லை. குற்றம் வந்தவருடையது மட்டும் அன்று; எங்களுடையதும்தான். 2009-10 கைத்தறிக் கணக்கெடுப்பில் நாட்டில் 43.31 இலட்சமாக இருந்த கைத்தறித் தொழிலாளர், 2019-20-இல் 35.22 இலட்சம் என்று பாடவேளையில் படித்தபோது, எனக்கு முதலில் நினைவு வந்தது அந்தத் தண்ணீர்ச் செம்புதான். குறைந்தவர்களில் தறியை விட்டுப் போனவர் எத்தனை பேர்? எண்ணாமல் விடப்பட்டவர் எத்தனை பேர்? மாதிரி எடுப்பதில் வரும் பிழையைச் சூத்திரத்தால் அளக்கலாம். பயத்தாலும் அவசரத்தாலும் வரும் பிழையை எப்படி அளப்பது? ஒரே இடத்துக்கு இரு குழுக்களை அனுப்பிய மகலனோபிஸ் கவலைப்பட்டது இதைப் பற்றித்தான் என்பது இப்போது விளங்குகிறது.

முடிவுரை

நண்பர்களே! நம்மில் பலர் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்தவர்கள். இந்தியப் புள்ளியியல் பணிக்கான தேர்வு நமக்கும் திறந்தே இருக்கிறது. மகலனோபிஸ் கழகத்தின் மையம் ஒன்று சென்னையிலேயே உள்ளது. நாளை நம்மில் ஒருவர் கையில் தாளோடு ஏதோ ஒரு தெருவில் ஒரு வீட்டு வாசலில் நிற்கக்கூடும். அப்போது உள்ளே தார் சுற்றும் ஓசை கேட்கிறதா என்று ஒரு நொடி நின்று கேட்போமாக. அதுவே அப்பேராசிரியருக்கு நாம் செலுத்தும் உண்மையான அஞ்சலியாகும்.